நாங்க மாப்பிள்ளை வீடு

உட்காருங்கக்கா, தாராளமாக உட்காருங்கள். இந்தப் பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொள்கிறேன், கொஞ்சம் பெரிய பை. கோவில்பட்டி வரைக்குமா? நாங்கள் கழுகுமலையில் இறங்கிவிடுவோம். அங்கேயிருந்து மினி பஸ் பிடித்தால் எங்கள் அம்மா ஊர். இது பெரியவள், தர்ஷிகா. மடியில் தூங்குகிறது சின்னவள், நிவி. ஏட்டி தர்ஷி, பெரியம்மா சேலையில காலைத் தேய்க்காத, மடக்கி உக்காரு.

என் சேலையைத்தானே பார்க்கிறீர்கள்? பாருங்கள், பாருங்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலேயே எல்லாரும் பார்த்தார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, இந்த வெயிலில் எவளாவது பஸ் ஏறுவாளா? எனக்கே சிரிப்புத்தான். எங்கள் அத்தைதான், மாமியாரைச் சொல்கிறேன், "இதையே கட்டிட்டுப் போ, உங்கம்மா பாத்து சந்தோசப்படட்டும்" என்று நின்று கட்டவைத்து அனுப்பினார்கள். கொசுவம்கூட அவர்களே குனிந்து பிடித்துவிட்டார்கள் என்றால் பாருங்களேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என் கொசுவத்தை அவர்கள் தொட்டது இதுதான் முதல் தடவை.

இந்தச் சேலை வந்த கதையைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஒரு சேலை எடுக்கப் போய் ஒரு நாளில் அவ்வளவு கூத்து.

முதலிலிருந்தே சொல்கிறேன். அவருக்கு, எங்கள் வீட்டுக்காரருக்கு, ஊரில் உரக்கடை. செந்தூர்பாண்டி உரக்கடை என்றால் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் அவர், அத்தை, நான், இந்த ரெண்டு வாலுகள். அவருக்கு ஒரு அக்கா, இந்திரா மதினி. உள்ளூரிலேயே பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மதினி என்றுதான் பெயர், எங்களுக்குள் வாடி போடிதான். கிணற்றடியில் குளித்தாலும் ஒன்றாகத்தான் குளிப்போம்.

நிவி பிறந்தபோதுதான் வீட்டில் கொஞ்சம் முகச்சுளிப்பு. இவளும் வயிற்றைக் கிழித்துப் பிறந்தவள். மூத்தவளும் அப்படித்தான். டாக்டரம்மா அங்கேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், "இன்னொண்ணு உன் உடம்பு தாங்காதும்மா" என்று. எனக்கு ஊசி போட்ட மயக்கம்கூடத் தெளியவில்லை, ஆனால் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்குத் தாய் வேண்டும் இல்லையா? சரி டாக்டர், குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துப் பண்ணிவிடுங்கள் என்றேன். அவரும் சரி என்றார். அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு ஆம்பளப் பிள்ளைக்கு வழியில்லாம வாசலை அடைச்சிட்டு வந்துட்டா" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் அழுதார்கள். அப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேச்சில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுவார்கள், தட்டை நகர்த்திவிட்டுப் போவார்கள்.

ஆனால் இந்தத் தை மாசம் பிறந்ததும் என்ன மாயமோ, ஆளே மாறிப்போய்விட்டார்கள் அக்கா. "சாப்பிட்டியா? படுத்தியா? பிள்ளைக்கு நான் பால் ஆத்துதேன், நீ போய் ஒறங்கு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனசு, உள்ளே கிடந்திருக்கிறது. அவரும் சண்டை சத்தம் எல்லாம் விட்டுவிட்டார். முன்னெல்லாம் குழம்பில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளுவார். இப்போது உப்பே போடாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார். ராத்திரியிலும் பாதி நாள் கடையிலேயே படுத்துக்கொள்கிறார், சரக்கு திருடுபோகிறதாம்.

அப்போதுதான் இந்தக் கல்யாணம் வந்தது. தூத்துக்குடியில் அத்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறாராம், அவர் மகனுக்குக் கல்யாணம். நான் அந்தப் பையனைப் பார்த்ததில்லை. தாயில்லாப் பிள்ளையாம். எங்கள் பக்கத்தில் முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீடு எடுக்க வேண்டும். தாய் இல்லாததால் அத்தைதான் முன்னே நின்று எடுத்துக்கொடுக்க வேண்டுமாம். எனக்குச் சந்தோசம். திருநெல்வேலிக்குப் போய்ப் பெரிய கடையில் சேலை பார்த்து எத்தனை காலமாச்சு!

காலையில் பார்க்கிறேன், வாசலில் கார் நிற்கிறது. அத்தை, அவர், மதினி மூன்று பேரும் குளித்து, தலைசீவி, கிளம்பி நிற்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "நீ வீட்டப் பாத்துக்கோ கனி, பிள்ளைகளைப் போட்டு அலைக்கழிக்காண்டாம்" என்றார்கள் அத்தை. நானா விடுவேன்? ஈரத் தலையோடு நிவியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், தர்ஷியை முன்னால் தள்ளினேன், கட்டியிருந்த நூல் சேலையோடு காரில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டேன். "டிக்கியில போட்டாலும் வாரேன் அத்தை, சேலை எடுக்கிறதுக்கு என்னை விட்டுட்டா போவிய?" என்றேன். டிரைவர்கூடச் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை அவரைப் பார்த்தார்கள், அவர் மதினியைப் பார்த்தார், மதினி வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெருக்கி உட்கார வேண்டுமே என்ற கவலை, வேறென்ன.

வழியெல்லாம் நான்தான் பேச்சு. கார் ஏதோ எழவு வீட்டுக்குப் போகிற மாதிரி அவ்வளவு அமைதி. "பொண்ணு யாரு, எந்த ஊரு?" என்று கேட்டேன். "ராஜபாளையம் பக்கம்" என்றார்கள் அத்தை. "அவங்க வீட்டுலேருந்து சேலை எடுக்க ஆள் வரல்லையா?" என்றேன். பெண் வீட்டார் இல்லாமல் முகூர்த்தச் சேலை எடுப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. "இல்லாதபட்டதுக. நாம எடுக்கிறதுதான் அவங்களுக்குச் சீலை" என்றார்கள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை என்றால் கடை, உள்ளே நுழைந்தாலே குளுகுளுவென்று இருக்கிறது. பட்டுப் பிரிவு தனியாக மாடியில். வெள்ளை மெத்தை விரித்து, எல்லாரும் சுற்றி உட்கார வேண்டியது. சேலை எடுத்துப் போடுகிற அண்ணாச்சி நல்ல பேச்சுக்காரர். "வாங்கம்மா, முகூர்த்தப் பட்டா? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார். எங்கள் ஆட்கள் மூன்று பேரும் வாயைத் திறக்க வேண்டுமே! திறக்கவில்லை. நான்தான் சத்தமாக, "நாங்க மாப்பிள்ளை வீடு!" என்றேன். அவர் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்து, "அப்ப இவருதான் மாப்பிள்ளையா?" என்றார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. "ஆமா, எங்க வீட்டு மாப்பிள்ளை பழைய மாப்பிள்ளை, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்" என்றேன். அண்ணாச்சியும் சிரித்தார். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் முகம் வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். "சும்மா வளவளன்னு பேசாத" என்று என்மேல் விழுந்தார். கூச்ச சுபாவம் அக்கா அவருக்கு.

சேலை பார்க்க ஆரம்பித்தோம். அரக்கு, மாம்பழ நிறம், தேன் நிறம். ஒரு அரக்குச் சேலை, உடம்பெல்லாம் சின்னச் சின்ன மாங்காய் புட்டா. எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கடையில் நிற்கிற பெண் ஒருத்தி, "அக்கா, எந்திரிங்க, போட்டுக் காட்டுதேன், அப்பத்தான் தெரியும்" என்று என்னை நிறுத்தி முந்தானையைத் தோளில் போட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்க்கிறேன், நானா இது என்றிருந்தது. திரும்பி அவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்கிறதற்குள்ளே அத்தை எழுந்து வந்து தோளிலிருந்து உருவிவிட்டார்கள். உருவின வேகத்தில் என் கழுத்துச் செயின் அதில் மாட்டி, ஒரு இழுப்பு. "கழட்டு! கழட்டு! கல்யாணச் சேலையை நீ எதுக்குப் போட்டுப் பாக்க?" என்று ஒரு சத்தம். மெத்தையில் இருந்த மற்ற வீட்டு ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு மாதிரிதான் ஆகிவிட்டது. ஆனால் யோசித்தால் நியாயம்தானே? கல்யாணப் பெண் கட்டுவதற்கு முன்னால் இன்னொருத்தி தோளில் ஏறக் கூடாது என்று சில வீடுகளில் பார்ப்பார்கள். "இது வேண்டாம், வேற எடுங்க" என்றார்கள் அத்தை, அண்ணாச்சியிடம். அவ்வளவு அழகான சேலை! என் தோளில் பட்டதால் போச்சு. செயினைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா இல்லை, நகம் பதிகிற மாதிரி பிடித்தாள். "என்னட்டி?" என்றால், "ஒண்ணுமில்ல, தலைவலி" என்கிறாள்.

இன்னும் கேளுங்கள். அடுத்து ஒரு மாம்பழ நிறம் பிடித்துவிட்டது அத்தைக்கு. அதை மெத்தையில் விரித்து முந்தானை பார்க்கிறார்கள், பார்டர் பார்க்கிறார்கள். மஞ்சள் கொண்டுவந்திருந்தார்கள், ஓரத்தில் தொட்டு வைக்க. நல்ல நேரம் முடிவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மஞ்சளைக் குழைத்து விரலில் எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, இதோ தூங்குகிறாளே இந்த மகராசி, என் மடியிலிருந்து நழுவி, தவழ்ந்து போய், சேலையின் நடுவில் சப்பணம் போட்ட மாதிரி உட்கார்ந்து, பெய்தாள் பாருங்கள் ஒரு மழை!

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என்ன செய்ய, சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி நல்ல மனுசர், "குழந்தை மூத்திரம் ஒண்ணும் செய்யாதும்மா, நாங்க துடைச்சிக்கிடுதோம்" என்றார். அத்தை சிரிக்கவில்லை. விரலில் மஞ்சளோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மெதுவாக, யாருக்கோ சொல்கிற மாதிரி, "இதுக எங்க போனாலும் குறுக்கதான் நிக்கும்" என்றார்கள். குழந்தைகளைச் சொன்னார்களா, என்னைச் சொன்னார்களா, தெரியவில்லை. கோபத்தில் வருகிற வார்த்தைதானே.

கடைசியில் எந்தச் சேலை எடுத்தார்கள் தெரியுமா? நான் காட்டினதுதான்! பச்சையில் குங்குமக் கரை. அடுக்கில் கீழே கிடந்தது, "அண்ணாச்சி, அந்த மூணாவதை உருவுங்க" என்று நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்கென்ன பெருமை! அந்தப் பெண் எங்கேயோ மணவறையில் உட்காரும்போது என் கண்ணால் எடுத்த சேலைதானே அவள்மேல் இருக்கும்.

அதற்கு ஜாக்கெட் தைக்க வேண்டும். அந்தக் கடையிலேயே மேலே தையல் ஆட்கள் உண்டு. அளவு ஜாக்கெட் எங்கே என்று பார்த்தால், அத்தை தன் பையிலிருந்து எடுத்தார்கள். முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு கெட்டிக்காரத்தனம். ரோஸ் கலர், கையில் சின்ன லேஸ். நான் வாங்கி விரித்துப் பார்த்தேன். ஐயோ, எவ்வளவு சின்னது! என் ஒரு கைகூட நுழையாது. "யாத்தே, பொண்ணு குச்சியாட்டம் இருப்பா போலிருக்கே அத்தை, வயசு என்ன?" என்றேன். "சின்னப் பொண்ணுதான்" என்றார்கள். "பாவம், சின்னப் பிள்ளை, போற வீட்டுல நல்லா வச்சிக்கிடணும்" என்றேன். மதினி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

நான் சும்மா இருக்கக் கூடாதா? ரெண்டு பிள்ளை பெற்றவள், நமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டாமா? தையல்காரரிடம் சொன்னேன், "அண்ணே, பக்கத்துத் தையல்ல உள்ளே நல்லா துணி விடுங்க, மடக்கித் தைங்க. கல்யாணத்துக்கு அப்புறம் உடம்பு வைக்கும். ஒரு பிள்ளை பெத்தா பிரிச்சித்தான் போடணும். என் கல்யாண ஜாக்கெட்டு அப்படி விடாமத்தான் வீணாப் போச்சு." அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்கள் அக்கா. அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததே இல்லை. கோபமும் இல்லை, பாசமும் இல்லை. "ஆமா, உள்ள துணி விடச் சொல்லு. பெறத்தான போறா" என்றார்கள். என் பேச்சை ஒரு தையல் விசயத்திலாவது கேட்டார்களே என்று எனக்குச் சந்தோசம்.

நீங்கள் ஏன் அக்கா ஜன்னல் பக்கமே பார்க்கிறீர்கள்? வெயில் கண்ணில் குத்துகிறதா? இந்தப் பக்கம் மாறி உட்காருகிறீர்களா? சரி, சரி. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தையல் பேச்சு முடிந்து திரும்பிப் பார்க்கிறேன், தர்ஷியைக் காணோம்! அந்தக் கூட்டத்தில், அந்த மாடிப் படிகளில்... "தர்ஷி, தர்ஷி" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு தளமாக இறங்குகிறேன். நிவி வேறு இடுப்பில் அழுகிறாள். சுடிதார் பிரிவு, நைட்டிப் பிரிவு, சின்னப்பிள்ளை கவுன் பிரிவு, எங்கேயும் இல்லை. கடைசியில் ஆண்கள் துணிப் பிரிவில் கேட்கிறது இவள் சத்தம். ஓடிப் போனால், கண்ணாடி முன்னால் அவர் நிற்கிறார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். இவள் கீழே நின்று கைதட்டிக்கொண்டு, "அப்பா சூப்பரு! அப்பா சூப்பரு!" என்கிறாள். துணி எடுத்துக் கொடுக்கிறவர், "மாப்பிள்ளைக்குக் கச்சிதமா இருக்கு சார்" என்கிறார்.

எனக்கு ஒரு நிமிசம் எங்கள் கல்யாண நாள்தான் ஞாபகம் வந்தது. அப்படி இருந்தார். என்னைக் கண்ணாடியில் பார்த்தவுடன் அங்கவஸ்திரத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டார். "தூத்துக்குடிப் பையனுக்கு எடுக்கோம். அவனுக்கும் என் உடம்புதான். அதான் போட்டுப் பாத்தேன்" என்றார். "நல்லாத்தான் இருக்கு, அப்படியே கட்டிட்டு வாங்களேன், இன்னொரு தடவை தாலி கட்டுங்க" என்று கிண்டல் பண்ணினேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. "ஏட்டி, பிள்ளையைத் தொலைச்சிட்டுச் சிரிப்பு வேறயா உனக்கு?" என்றார். அதுவும் சரிதான்.

அப்புறம்தான் இந்தச் சேலை. கிளம்பும்போது அத்தை திடீரென்று நின்று, "இவளுக்கும் ஒரு பட்டு எடுங்கடா. வயித்தெரிச்சல் இல்லாம இருக்கட்டும்" என்றார்கள். யாருக்கு வயிற்றெரிச்சல் என்று நான் கேட்கவில்லை. கிடைக்கிற சேலையை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? அவர்தான் எடுத்தார். கல்யாணமானதிலிருந்து எனக்கென்று ஒரு கைக்குட்டைகூட அவராக எடுத்ததில்லை. அன்றைக்கு முதலில் கையில் பட்டதை எடுத்தார், "இது போதும்" என்றார். ஊதாவில் வெள்ளி ஜரிகை. எனக்கு ஊதா பிடிக்காது, அவருக்கு அது தெரியாது. ஆனால் கட்டினால் நன்றாகத்தானே இருக்கிறது?

சாப்பிட ஹோட்டலுக்குப் போனோம். அங்கே மதினி இலை முன்னால் உட்கார்ந்து ஒரு வாய்கூட வைக்காமல் அழுதுவிட்டாள். கண்ணீர் ரசத்தில் சொட்டுகிறது. "என்னட்டி, தலைவலியா? மாத்திரை போடுதியா?" என்றேன். "கனி, நீ உங்கம்மா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சில்லா?" என்றாள். சம்பந்தமே இல்லாமல்! நான், "ஆமா, போகணும்" என்றேன். அத்தை அங்கேயிருந்து, "இந்திரா, வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகு மதினி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் போனாலும் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறாள். கிணற்றடிக்கும் வருவதில்லை. அவளுக்குக் கண்ணேறு பட்டிருக்குமோ, ஏதாவது மனக்கஷ்டமோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

கல்யாணம் நாளைக்கு. நான் போகவில்லை. கோயிலில் வைத்துச் சின்னதாக நடத்துகிறார்களாம், பத்து ஆட்கள்தானாம். "பச்சைப் பிள்ளைகளை வச்சிக்கிட்டு நீ எதுக்கு அலையணும், போய் உங்கம்மாவைப் பாத்துட்டு வா" என்று அத்தையே சொன்னார்கள். பையையும் அவர்களே கட்டினார்கள். நான் நாலு நாள் துணி போதும் என்றேன். அவர்கள் என்னடா என்றால் பிள்ளைகளின் ஸ்வெட்டர், தொட்டில் சேலை, தொட்டில் ஸ்பிரிங் எல்லாம் வைத்திருக்கிறார்கள். உத்தரத்திலிருந்து அவரே ஏறிக் கழற்றிக்கொடுத்தார். "எங்கம்மா வீட்டுல ஸ்பிரிங் இருக்கே" என்றேன். "இருக்கட்டும், பிள்ளைக்குப் பழகினது" என்றார். பிள்ளைமேல் உயிர் அவருக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விட்டார். தர்ஷி தலையைத் தடவினார். நிவியைத் தூக்கி முகர்ந்துவிட்டுக் கொடுத்தார். பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்றார் அக்கா, அவர் அப்படி நிற்கிற ஆளே இல்லை.

இருங்கள், போன் அடிக்கிறது. எதிர்வீட்டு லீலாக்கா. பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லியிருந்தேன்.

அலோ, லீலாக்கா... கேக்குது, சொல்லுங்க. பஸ்ஸுலதான். இல்ல, கழுகுமலை இன்னும் வரல்ல... எங்க வீட்டுலயா? என்ன விசேசமா? ஒண்ணுமில்லையே... வாழை மரமா? குலையோடயா?... ரெண்டு பக்கமும் கட்டுதாங்களா... இல்லக்கா, கல்யாணம் தூத்துக்குடியில... கட்டிலா? எந்தக் கட்டில்?... எங்க கட்டிலை எதுக்கு வெளிய போடுதாங்க... அவரு எங்க நிக்காரு?... சரிக்கா. இல்ல, நல்லாத்தான் கேக்குது. சரி. வச்சிருதேன்.

ஒன்றுமில்லை அக்கா. சும்மா பேசினார்கள். வாசலில் வாழை மரம் கட்டுகிறார்களாம். வண்டியில் புதுக் கட்டில் வந்து இறங்கியிருக்கிறதாம். எங்கள் கட்டில் வேப்ப மரத்தடியில் கிடக்கிறதாம்.

தூத்துக்குடிக் கல்யாணத்துக்கு எங்கள் வாசலில் வாழை மரம் கட்டுவார்களா? உங்கள் பக்கம் அப்படி வழக்கம் உண்டா? சொந்தக்காரர்கள் வீட்டிலும் கட்டுவதுண்டா?

இல்லையா.

எங்கள் பக்கமும் இல்லை. பெண் வந்து இறங்குகிற வீட்டில்தான் கட்டுவார்கள்.

கட்டில் எனக்காகத்தான் இருக்கும். நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வாங்கிப் போடலாம் என்று நினைத்திருப்பார். அப்படிச் செய்கிற ஆள்தான். இல்லை, அப்படிச் செய்கிற ஆள் இல்லை. இருந்தாலும்.

என்ன அக்கா, என் முகத்தையே பார்க்கிறீர்கள்? ஏதாவது சொல்லுங்கள். இவ்வளவு நேரம் நான் ஒருத்தியே பேசிக்கொண்டு வருகிறேன், நீங்கள் ஊம் கொட்டுவதையும் நிறுத்திவிட்டீர்கள். எப்போது நிறுத்தினீர்கள்? அளவு ஜாக்கெட் சொன்னேனே, அப்போதேவா?

அப்போதேதான், இல்லையா.

ஏட்டி தர்ஷி, செருப்பைப் போடு. ஆமா, இறங்கப் போறோம். ஆச்சி ஊரு இல்ல. பேசாமப் போடு.

எனக்கு என்னவோ கேஸை மூடினேனா இல்லையா என்று சந்தேகமாக இருக்கிறது. காலையில் பால் காய்ச்சினேன், ரெகுலேட்டரைத் திருகின ஞாபகம் இல்லை. அத்தைக்கு அதெல்லாம் மூடத் தெரியாது. வீட்டில் நாலு பேர் புழங்குகிற நேரம், ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். எங்கள் அம்மா எங்கே போய்விடப் போகிறாள், நாளைக்குப் போனாலும் அங்கேதான் இருப்பாள்.

அண்ணே! கண்டக்டரண்ணே! இங்க இறக்கிவிட்டிருங்க. தெரியும்ண்ணே, கழுகுமலைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இருக்கட்டும், இறங்கிக்கிடுதேன். சங்கரன்கோவிலுக்குத் திரும்புற வண்டி எந்தப் பக்கம் நிக்கும்? ஒரு மணி நேரமாகுமா? நிழல் இல்லேன்னா பரவால்ல, நிக்கேன். எங்க வீட்டு வாசல்தான், போய்ச் சேந்துருவேன்.

அக்கா, கொஞ்சம் காலை ஒதுக்குங்கள், பையை உருவிக்கொள்கிறேன். கனமாகத்தான் இருக்கிறது, ஸ்பிரிங் கிடக்கிறது. நிவியை ஒரு நிமிசம் பிடியுங்கள், தூக்கத்தில் இருக்கிறாள், தலை தொங்காமல்... ஆமாம், அப்படித்தான்.

நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உங்கள் ஊர் இன்னும் வரவில்லையே. இது வெறும் விலக்கு ரோடு அக்கா, இங்கே ஒரு டீக்கடைகூட இல்லை. பிள்ளையைக் கொடுங்கள்.

சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படி உயரம். பார்த்து இறங்குங்கள்.